தட்டான் கல்

"தட்டான் கல்லுதானே மாப்ளே? தட்டான்கிட்டயே குடுத்துட்டேன்" என்றார் ரஹ்மத்துல்லா. ஒரு நல்ல காரியத்தைக் காலாகாலத்தில் முடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அப்துல் சுபஹான் அப்போதுதான் செங்கல்பட்டு நிலையத்தில் இறங்கி, எதிரே இருந்த அக்காள் புருஷனின் சைக்கிள் கடைக்குள் கால் வைத்திருந்தான். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பஞ்சு பொதிந்த பிஸ்கட் டின். டின்னுக்குள் ஒரு கல்லின் பாதி. மறுபாதியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் சென்னை திரும்புவதாகத் திட்டம்.

"எந்தத் தட்டான்?"

"பஜார்ல நம்ம உலகநாத பத்தர். நீதானே போன்ல சொன்னே?"

"நான் என்ன சொன்னேன்?"

"தட்டான் கல்லு, பத்தர்கிட்ட வையின்னே."

"பத்திரமா வையின்னேன்!"

ரஹ்மத்துல்லா சற்று யோசித்தார். "ரைஸ் மில்லு போன்ல அதெல்லாம் பிரிச்சிக் கேக்காது மாப்ளே. மெஷினு வேற ஓடிக்கினு இருந்துச்சி. தட்டான்னு ஒரு வாட்டி கத்தினே, பத்தர்னு ரெண்டு வாட்டி கத்தினே. தங்கம் ஒரைக்கிற கல்லுன்னு கொழந்தைக்குக்கூடப் புரியும்."

"தட்டான்னா பூச்சி மச்சான். பறக்கிற தட்டான். தும்பி."

"அப்ப தும்பின்னு சொல்றதுதானே?"

சுபஹான் பையைத் தோளிலிருந்து இறக்கினான். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்த எவனும் அந்தப் பூச்சியைத் தும்பி என்று சொல்லமாட்டான். அவனும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கல்லின் கதை சென்ற கோடையில் தொடங்கியது. செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் முனிசாமி என்ற விவசாயி கிணறு வெட்டினார். தோண்டி மேலே கொட்டிய மண்ணில், தட்டுத் தட்டாகப் பிரியும் சாம்பல் நிறக் களிக்கல் வந்தது. சென்னைக் கல்லூரி ஒன்றில் நிலவியல் விரிவுரையாளனாக இருந்த சுபஹான், மாணவர்களோடு அங்கே போனபோது ஒரு தட்டை எடுத்துப் பிளந்த மாத்திரத்தில் கை நின்றுவிட்டது. நடுவிரல் நீளத்துக்கு ஓர் இறக்கை. குறுக்கும் நெடுக்குமாக, மீன்வலையைவிட மெல்லிய கோடுகள். ஆனால் இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பகுதி உடைந்து போயிருந்தது. பிளந்த கல்லின் மற்றத் தட்டு மண்மேட்டில் சரிந்து விழுந்தது. அன்று மாலைவரை தேடியும் கிடைக்கவில்லை.

"இது இலை" என்றார் துறைத்தலைவர் பேராசிரியர் மோசஸ். அந்தப் பகுதிக் கற்களில் நூறு வருஷமாக இலைகளைத் தவிர வேறு எதையும் யாரும் பெரிதாகக் கண்டதில்லை. வலை போன்ற நரம்புள்ள இலைகளும் அவற்றில் உண்டு. வேர்ப்பகுதி இல்லாமல் இலையா இறக்கையா என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. சுபஹான் விடவில்லை. நிலவியல் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினான். அதிலிருந்து ஆசிரியர் அறையில் அவன் பெயர் பூச்சி சுபஹான்.

போன மாதம் வயலுக்கு மண் அடித்தபோது முனிசாமியிடம் மற்றத் தட்டு அகப்பட்டது. சுபஹான் சொல்லி வைத்திருந்தபடி அதைச் சாக்குத்துணியில் சுற்றி ரஹ்மத்துல்லாவின் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கல்கத்தாவிலிருந்து டாக்டர் சன்யால் வந்திருந்தார். கல்லில் பதிந்த பூச்சிகளைப் பற்றி இந்தியாவில் அவர் சொல்வதுதான் முடிவு. நாளை காலை கல்லூரிக்கு வருவார், மாலையில் கல்கத்தா மெயில் ஏறுவார். அதற்குள் வேர்ப்பகுதியைக் காட்டினால் பூச்சி பூச்சியாகும். இல்லையென்றால் சுபஹானின் டின், மோசஸின் இலைப் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

"உங்க அக்கா ஆப்பம் சுட்டு வெச்சிகினு கீறா. நாஸ்தா பண்ணிட்டுப் போலாம்" என்றார் ரஹ்மத்துல்லா.

"மச்சான், பத்தர் கடை எங்கே?"

உலகநாத பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் வந்தது கோபம்.

"பாய், நாலு ஆளு நிக்கறப்ப வந்து 'இந்தா தட்டான் கல்லு'ன்னு போட்டியே, ஞாபகம் கீதா? நாப்பது வருசமா இந்த பஜார்ல எல்லாரும் பத்தரேன்னுதான் கூப்புடறாங்க."

"பூச்சியச் சொன்னேன் பத்தரே" என்றார் ரஹ்மத்துல்லா கூசாமல்.

"அன்னிக்கு அப்படியா சொன்னே?"

"கல் எங்கே ஐயா?" என்றான் சுபஹான்.

"அது ஒரு கல்லா? தங்கத்தை ஒரைச்சா தங்கம் ஒட்டணும். இதுல கல்லு இல்ல தேயுது! சாணை புடிக்க ஆவும்னு என் மச்சினன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். சின்னராசு. மாவலிபுரத்துல செலை செய்றான்."

சாணை. உளி தீட்டுகிற சாணை.

"எப்போ?"

"ஆச்சு, பத்து நாளு."

பத்து நாளில் ஒரு சிற்பி எத்தனை உளி தீட்டுவான் என்று சுபஹான் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

தப்பு தன்னுடையது, ஆகவே தானே வந்து வாங்கிக் கொடுப்பேன் என்று ரஹ்மத்துல்லா கடையைப் பூட்டினார். வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தும் பலனில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அவர், ஊர் எல்லை தாண்டுவதற்குள் முன்சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த சந்திரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

"பூச்சிக்கா பஸ்ஸு ஏறிப் போறீங்க?" என்றாள் அவள். "எங்க ஏரிக்கரையில சும்மா பறந்துகினு கீது. ஒரு கூடை வேணும்னாலும் புடிச்சித் தரேன்."

"உசிரோட கீறது இல்லம்மா. கல்லுக்குள்ளாற செத்துப் பூட்டது. பதினஞ்சு கோடி வருசம் ஆச்சாம். அந்த ஜாதியே இப்ப ஒலகத்துல கெடையாது."

"அய்ய, கல்லுக்குள்ள எப்டிப் பூந்துச்சி?"

"அப்ப கல்லு இல்ல, சேறு. சேத்துல வுழுந்துச்சி. சேறு கல்லாப் பூட்ச்சி." இந்த இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டோமா என்று ரஹ்மத்துல்லா திரும்பிப் பார்த்தார். சரியாகத்தான் சொன்னார். சுபஹானுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் இறங்கிப் போனவர் திரும்பவில்லை. சுபஹான் எழுந்து போய்க் கண்டக்டரிடம் அவசரம் என்றான்.

"நானும் கேட்டுகினுதான் இருந்தேன் சார். பதினஞ்சு கோடி வருசம் பொறுத்துச்சி. டிரைவரு ஒரு டீ குடிக்கற வரைக்கும் பொறுக்காதா?"

பஸ் முழுதும் சிரித்தது. சந்திரம்மா கீரைக்கூடை மேல் சாய்ந்து சிரித்தாள். ரஹ்மத்துல்லாவும் சிரித்தார், பிறகு மைத்துனன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் சின்னராசுவின் கொட்டகை பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். தென்னங்கீற்றுக் கூரை, கீழே கல் துகள், கடற்காற்றோடு வந்து சேர்ந்த மணல். பக்கத்துக் கொட்டகைகளிலும் உளிச்சத்தம் விடாமல் கேட்டது. சின்னராசு தலைப்பாகையை அவிழ்த்து முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு வரவேற்றார்.

"அந்தக் கல்லு உங்க கல்லா? மச்சான் சொல்லவேயில்லியே. வேலை இன்னும் முடியல சார். ரெண்டு நாளு குடுத்தீங்கன்னா முடிச்சிடுவேன்."

"என்ன வேலை?" என்றான் சுபஹான்.

சின்னராசு மூலைக்குப் போய் ஈரச்சாக்கை விலக்கி, ஒரு பலகையோடு கல்லைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் வைத்தார்.

சாம்பல் நிறக் கல்லின் மேல் ஒரு முழுத் தட்டான் உட்கார்ந்திருந்தது. உருண்டைக் கண்கள். கணுக்கணுவாக நீண்ட வால். நான்கு இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையிலும் ஊசிமுனையால் இழுத்த கோடுகள், கட்டங்கள், கட்டங்களுக்குள் கட்டங்கள். காற்றடித்தால் எழுந்து பறந்துவிடும் போலிருந்தது.

ரஹ்மத்துல்லா வாயைப் பிளந்தார். "யா அல்லா! மாப்ளே, பூச்சி முழுசா கெடைச்சிடுச்சி!"

சுபஹான் கல் துகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாணை புடிக்கத்தான் எடுத்தேன்" என்றார் சின்னராசு. "திருப்பிப் பாத்தா ஒரே ஒரு றெக்கை மட்டும் கீறி வுட்டிருக்கு. யாரோ ஆரம்பிச்சி பாதியில வுட்டுட்டுப் பூட்டான் போலன்னு நெனைச்சேன். நல்ல கையி சார். அப்படியே வுட மனசு வரல."

"யாரும் ஆரம்பிக்கலை. அது செதுக்கினது இல்லை. பூச்சி."

"பூச்சின்னு தெரியுதே சார். அதனாலதானே பூச்சி செஞ்சேன்?"

சுபஹான் சேறு, கல், பதினைந்து கோடி வருஷம் என்று தொடங்கினான். பாதியில் ரஹ்மத்துல்லா புகுந்து பஸ்ஸில் சொன்னதையே சொல்லி முடித்தார். சின்னராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவருக்குப் புரிந்தபோது, முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கியது.

"கெடுத்துட்டேனா சார்?"

"அந்தப் பழைய றெக்கையைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். நுனி மழுங்கிக் கெடந்துச்சி. ரெண்டு மூணு கோட்டை எடுத்து வுட்டேன்."

சுபஹான் டின்னைத் திறந்து தன் பாதியை எடுத்தான். நுனிப்பகுதி அவன் கல்லில் தெளிவாகவே இருந்தது. அது போனால் போகட்டும். அவனுக்கு வேண்டியது வேர்ப்பகுதி. பலகை மேல் குனிந்து பார்த்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், சின்னராசுவின் தட்டானுடைய மார்புக்கு ஒட்டினாற்போல, கட்டைவிரல் நகம் அளவுக்கு இறுகிய மண் அப்பியிருந்தது.

"இது?"

"அது கெட்டியா ஒட்டிக்கினு கீது சார். நாளைக்கு உளி வெச்சி ஒரு தட்டுத் தட்டி..."

"தட்டாதீங்க!"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகைகளில் உளிச்சத்தம் நின்றது. எட்டிப் பார்த்த இருவருக்கும் ரஹ்மத்துல்லா விளக்கம் சொல்லப் போனார். கொஞ்ச நேரமாவது அவர் அங்கேயே இருக்கட்டும் என்று சுபஹான் நினைத்தான். இருக்கவில்லை.

ஊசி, சிறிய தூரிகை, உருப்பெருக்கி மூன்றும் பையில் இருந்தன. சின்னராசு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் விழும்படி பிடித்துக்கொண்டார். சுபஹான் மண்ணைத் துகள் துகளாகப் பெயர்க்கத் தொடங்கினான். அது இலையாக இருந்தால், எல்லாக் கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே காம்பில் போய் முடியும். இறக்கையானால் கோடுகள் கடைசிவரை தனித்தனியாக நிற்கும், அவற்றுக்கிடையே வேருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். இன்று பறக்கிற தட்டான்களில் அந்தக் கட்டம் எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். ஐரோப்பாவில் கல்லில் மட்டுமே கண்ட ஓர் அழிந்துபோன இனத்தில் அது வேரை நோக்கித் திறந்திருக்கும். அதைப் புத்தகப் படத்தில்தான் சுபஹான் பார்த்திருந்தான்.

ஐந்து மாதமாக இறக்கை இறக்கை என்று சாதித்தவன், இப்போது துகளுக்குத் துகள் ஊசியை நிறுத்திப் பார்த்தான். காம்பாக இருந்துவிட்டால்?

"ஒரு கோடு தெரியுது மாப்ளே."

"தெரியுது."

"தோ, இன்னொண்ணு. தூசி மூடிகினு கீது பாரு." ரஹ்மத்துல்லா குனிந்து ஊதினார். தூசியோடு எச்சிலும் விழுந்தது.

"ஊதாதே மச்சான்!"

"உதவி பண்ணா கோச்சிக்கிறியே."

"உதவியே வேண்டாம். கையைக் கட்டிக்கிட்டு நில்லு. வாயையும்."

ரஹ்மத்துல்லா கையைக் கட்டிக்கொண்டார். வாய் விஷயத்தில் முயற்சி செய்தார்.

நிழல் கொட்டகையின் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் கடைசித் துகள் பெயர்ந்தது. காம்பு இல்லை. கோடுகள் தனித்தனியாக நின்றன. நடுவே, அரிசியில் பாதி அளவுக்கு ஒரு கட்டம். மூன்று பக்கம் கோடு. வேர்ப் பக்கம் கோடு இல்லை. சுபஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தான். திறந்தேதான் இருந்தது.

"குடிக்கத் தண்ணி குடுங்க" என்றான்.

கல் கிடைத்தது. ஆனால் எந்தக் கல்? கண்ணும் வாலும் வைத்துச் செதுக்கிய ஒரு பொம்மையை நிபுணர் முன் வைத்து, இதில் ஓர் இறக்கை மட்டும் நிஜம் என்று சொல்ல வேண்டும். பூச்சி சுபஹான் மாமல்லபுரத்துக்குப் போய் ஆள் வைத்துப் பூச்சி செய்துகொண்டு வந்தான் என்று சொல்ல மோசஸுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

"மீதி மூணையும் தேச்சி வுட்டுட்டா?" என்றார் ரஹ்மத்துல்லா.

சின்னராசு சட்டென்று நிமிர்ந்தார். "நான் செஞ்சதை நானே தேய்க்கறதா?" பிறகு சுபஹானைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நீங்க சொன்னா தேய்க்கிறேன் சார்."

சுபஹான் உருப்பெருக்கியைப் பைக்குள் வைத்தான். தேய்த்தால் தேய்த்த தடம் இருக்கும். அங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். இல்லாததைச் சேர்த்தது ஒரு வம்பு என்றால், சேர்த்ததை மறைப்பது அதைவிடப் பெரிய வம்பு.

"வேண்டாம். இருக்கிறபடியே கொண்டுபோறேன்."

சின்னராசு கல்லைக் கொடுக்கத் தயங்கினார். ரஹ்மத்துல்லா அவரைத் தென்னை மரத்தடிக்கு அழைத்துப் போய்க் காதோடு ஏதோ பேசினார். திரும்பி வந்து சின்னராசு தாமே கல்லைத் தம் வேட்டித்துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் துணி பிரிந்ததும், சுபஹான் எதிர்பார்த்தபடியே முதலில் பேசியவர் மோசஸ்.

"ஒரு இறக்கையோடு போனவர் நான்கு இறக்கையோடு வந்திருக்கிறார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முட்டையும் போட்டிருக்கும்."

கூடியிருந்த விரிவுரையாளர்களில் வயதில் சிறியவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சன்யால் சிரிக்கவில்லை. அவர் ஒல்லியான மனிதர். கேள்வியைத் தவிர வேறு எதையும் வாயிலிருந்து விடுவதில்லை என்று தீர்மானித்தவர் போலிருந்தார்.

"யார் செய்தது?"

சுபஹான் எல்லாவற்றையும் சொன்னான். தட்டான் என்ற சொல்லில் தொடங்கி, ரைஸ் மில், பத்தர், சாணை, சிற்பி நுனியில் ஆழப்படுத்திய கோடுகள்வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, இதை யார் நம்புவார்கள் என்று அவனுக்கே தோன்றியது.

சன்யால் சுபஹானின் பாதியைக் கல்லின் மேல் கவிழ்த்துப் பொருத்தினார். அதில் மேடாக இருந்த கோடுகள் இதில் பள்ளமாக இருந்த கோடுகளோடு உட்கார்ந்தன. பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு உருப்பெருக்கியை வாங்கினார்.

"அந்தச் சிற்பி எதைப் பார்த்துச் செய்தார்?"

"பக்கத்துப் புல்லில் பறந்த ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு செய்தாராம்."

"வேர்ப்பகுதியில் மண் இருந்தது என்றீர்கள். எடுத்தது யார்?"

"நான்தான்."

சன்யால் செதுக்கிய இறக்கைகள் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதைப் பார்த்தார். மறுபடியும் மூன்றுக்குப் போனார். மோசஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்கு நேரம் ஆயிற்று.

"மூன்றிலும் கட்டத்தை மூடியிருக்கிறார்" என்றார் சன்யால் கடைசியில். "இன்றைய பூச்சியில் மூடித்தான் இருக்கிறது, அவர் பார்த்தபடி செய்திருக்கிறார். நான்காவது திறந்திருக்கிறது. இப்படி ஒன்றை இந்த நாட்டில் யாரும் பார்த்தது கிடையாது. பார்க்காததை எப்படிச் செதுக்குவது?" உருப்பெருக்கியை மோசஸிடம் நீட்டினார். "ஐரோப்பியக் கற்களில் இருக்கும் இனத்துக்கு உறவு. ஆனால் அதுவே இல்லை. புது இனம்."

மோசஸ் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் சுபஹான் தன் சட்டையின் மேல் பொத்தானை மூன்று முறை போட்டு அவிழ்த்தான்.

"இலை இல்லை" என்றார் மோசஸ், இத்தனை நாளாக இலை என்று சொன்னது சுபஹான்தான் என்பது போல.

இரண்டு கல்லும் கல்கத்தாவுக்கு வர வேண்டும் என்றார் சன்யால். இனத்துக்குப் பெயர் வைத்து அவர், சுபஹான் இருவர் பெயரிலும் கட்டுரை வரும். செதுக்கிய பகுதியை வெட்டி எடுக்கக் கூடாது. புகைப்படத்தில் முழுவதும் தெரிய வேண்டும், எது இயற்கை, எது மனிதன் செய்தது என்று கீழே குறிப்புப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் சுபஹான் தலையை ஆட்டினான். அவன் காதில் 'புது இனம்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின் எதுவும் சரியாக விழவில்லை.

விடாமல் சென்னைவரை கூடவே வந்திருந்த ரஹ்மத்துல்லா வராந்தாவில் காத்திருந்தார்.

"இன்னா மாப்ளே, பூச்சிதானே?"

"பூச்சிதான்."

"அல்ஹம்துலில்லா! நான் அன்னிக்கே சொன்னேன்." எப்போது சொன்னார் என்று சுபஹான் கேட்கவில்லை. "செரி, கல்லைக் கொண்டா. சாயங்கால வண்டியில ஊருக்குப் பூட்டா காலையில மாவலிபுரம் பூடலாம்."

"கல்லு எதுக்கு?"

"சின்னராசுக்குத் திருப்பிக் குடுக்கணுமே. மரத்தடியில வெச்சி வாக்கு குடுத்தேனே, பரீட்சை முடிஞ்சதும் உன் கல்லு உன்கிட்ட வந்துடும்னு. இல்லாங்காட்டி அவன் குடுத்திருப்பானா?"

சுபஹான் சுவரில் சாய்ந்தான். உள்ளே சன்யாலின் உதவியாளர் இரண்டு கல்லையும் பஞ்சில் வைத்துப் பெட்டியை ஆணியடிக்கும் சத்தம் கேட்டது.

"அது கல்கத்தா போகுது மச்சான். திரும்பி வராது."

"வராதா? அவனுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாதே."

"அப்டி வுட முடியுமா? பாவம், மூணு றெக்கை அவன் செஞ்சது. உன் பூச்சிக்குப் பேரு வெப்பாங்க. அவன் றெக்கைக்கு?"

சுபஹான் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயைத் திறந்தான். படத்துக்குக் கீழே குறிப்பு வரும் என்று சன்யால் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது. மனிதன் செய்தது என்றார். எந்த மனிதன் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவனும் சிற்பி என்றுதான் சொல்லியிருந்தான்.

"மச்சான், அவர் அப்பா பேர் என்ன?"

"யாரு, சின்னராசு அப்பாவா? கோவிந்த ஆசாரி. எதுக்கு?"

"இங்கேயே நில்லு. ஒரு அடி நகராதே. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் எந்த வாக்கும் குடுக்காதே."

சொல்லிவிட்டு, ஆணியடிக்கும் சத்தம் நிற்பதற்குள், சுபஹான் மறுபடி உள்ளே ஓடினான்.